கடைசி ஆறு இலக்கம்

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மேடம் எனக்கு போன் செய்வார். பதினோரு கிளைகள் உள்ள ஆஸ்பத்திரி அது. அதன் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் தலைமை. நலம் விசாரிப்பார், என் முட்டிவலி எப்படியிருக்கிறது என்று கேட்பார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர், நாங்க எப்பத்தான் உங்களை விட்டுப் போறது?" என்பார். நான் டாக்டர் இல்லை. 'கூடம்' என்ற மென்பொருளின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். எது எங்கே மாட்டிக்கொண்டாலும் எடுத்துவிடுவேன் என்று ஆபீஸில் விளையாட்டாக வைத்த பெயர், வாடிக்கையாளர்கள் வரை போய்விட்டது. நிஜ டாக்டர்கள் நிறைந்த ஒரு இடத்திலிருந்து ஒருவர் என்னை டாக்டர் என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. அதை மறைப்பானேன்.

"கதவு திறந்துதான் மேடம் இருக்கு. எப்ப வேணாலும் கிளம்பலாம்" என்பேன் நான். அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். போக முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

கூடம் என்பது ஒரே ஆபீஸில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் எழுதிப் பேசிக்கொள்வதற்கான மென்பொருள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு அறை. ஒருவர் கேள்வி போடுவார், அதற்கான பதிலை இன்னொருவர் அந்தக் கேள்விக்குக் கீழேயே போடுவார். இதில் என்ன பிரமாதம் என்று இன்றைக்குக் கேட்கலாம். பதினாறு வருடத்துக்கு முன்பு கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் முதலாளி அதை ஆரம்பித்தபோது ஐந்து பேர். நல்ல காலத்தில் அறுபது பேர். பிறகு பெரிய கம்பெனி வந்தது. உலகம் பூராவும் கடிதம் எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் அவர்கள் மென்பொருளைத்தான் வாங்குகிறார்கள். அதோடு சேர்த்து இதே மாதிரி ஒரு அரட்டைப் பெட்டியையும் கொசுறாகக் கொடுத்தார்கள். எங்களுடையதைவிட மட்டமானதுதான். ஆனால் நாங்கள் விலை போட்டு விற்பதை ஒருவன் கொசுறாகக் கொடுக்கும்போது தரத்தைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும்? நான் பேசினேன். ஏழு வருடம் தொண்டை வறளப் பேசினேன். வாடிக்கையாளர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அடுத்த மாதம் மன்னிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்கள். அறுபது பேர் நாற்பது ஆனோம், நாற்பது இருபது ஆனோம், கடைசியில் ஒன்பது. அந்த ஒன்பது பேர் வீட்டு அடுப்பும் ஆஸ்பத்திரி என்ற ஒரே ஒரு வாடிக்கையாளரால்தான் எரிந்தது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம்.

ஆஸ்பத்திரி ஏன் போகவில்லை என்றால், எங்கள் மீதுள்ள பாசத்தால் அல்ல. கூடத்தை விட்டுப் போகிறவர்கள் தங்கள் பழைய செய்திகளை எல்லாம் கோப்பாக இறக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அதை வேறு எந்த மென்பொருளில் ஏற்றினாலும் கேள்விகள் ஒரு குவியலாகவும் பதில்கள் ஒரு குவியலாகவும் விழும். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்பது காணாமல் போயிருக்கும். செருப்புக் கடைக்காரருக்கு அதனால் குடி முழுகிவிடாது. ஆஸ்பத்திரிக்கு முழுகும். மருந்தை எந்த அளவில் கொடுக்கலாம் என்று வார்டிலிருந்து ஒரு நர்ஸ் கேட்டதும், அதற்கு டாக்டர் சொன்ன பதிலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் அதுதான் சாட்சி.

அந்த இணைப்பு உண்மையில் காணாமல் போகவில்லை. ஒளிந்திருந்தது. கூடத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நீளமான எண் உண்டு. கேள்வியின் எண்ணில் கடைசி ஆறு இலக்கத்தைப் பின்னாலிருந்து முன்னால் திருப்பிப் போட்டால், அதுவே பதிலின் எண்ணில் கடைசி ஆறு இலக்கம். அவ்வளவுதான் ரகசியம். ஆரம்ப நாட்களில் நாங்கள் தாடி என்று கூப்பிட்ட எங்கள் புரோகிராமர், ஒரே நாளில் வேலையை முடிக்க வேண்டிய அவசரத்தில் செய்த குறுக்கு வழி. பிறகு சரியாக எழுதிக்கொள்ளலாம் என்றான். அதற்குள் போன வாடிக்கையாளர் ஒருவர் ஒரே மாதத்தில் திரும்பி வந்தார். பழைய செய்தியெல்லாம் குப்பையாகக் கிடக்கிறது, இங்கேயே இருந்துவிடுகிறோம் என்றார். முதலாளி அன்றைக்கு எல்லாருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். "தாடி, இதைத் திருத்தாதே" என்றார். "டாக்டர், யாராவது கேட்டா, அது அப்படித்தான்னு சொல்லிடுங்க" என்றார்.

நான் அப்படியே சொன்னேன். ஒன்பது வருடமாக, மாதம் தவறாமல், அது அப்படித்தான் மேடம் என்று சொன்னேன். மற்ற எல்லா விஷயத்திலும் யோக்கியனாக இருக்கிற ஒருவனுக்கு ஒரே ஒரு பொய் பெரிய சுமையாகத் தெரிவதில்லை. முதலாளி, நான், தாடி, மூன்று பேரைத் தவிர அந்த ஆறு இலக்கம் யாருக்கும் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன்னால் தாடி பெரிய கம்பெனிக்கே வேலைக்குப் போனான். முதலாளி ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. தாடி அங்கே மூச்சுவிடவில்லை. ஒரு வரி சொல்லியிருந்தால் அவனுக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

என் மகளும் அதே பெரிய கம்பெனியில்தான் சேர்ந்தாள். படிப்பு முடிந்து எட்டு மாதம் அலைந்து கிடைத்த வேலை. சொன்ன அன்று என் மனைவி என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் சிரித்தேன், கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னேன், பாத்ரூமுக்குப் போய் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே பல்லாயிரம் பேர் வேலை செய்கிறார்கள், கணக்குப் போடும் மென்பொருளில் எங்கோ ஒரு மூலையில் இருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்தப் பிரிவு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். போதாததற்கு என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். "சாப்பிடுற மேஜையில யாரும் ஆபீஸைக் கொண்டுவரக் கூடாது" என்று சட்டம் போட்டிருந்தாள். அந்தச் சட்டம் எனக்கும் வசதியாக இருந்தது. என் ஆபீஸ் ஒன்பது பேருக்குச் சுருங்கியது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்தச் சட்டத்தை உடைத்ததும் அவளேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "உங்க பொண்ணு பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதுட்டு இருக்கா. மூணு நாளா இப்படித்தான். என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்குறா. என்னன்னு கேளுங்க" என்றாள். குழாய்ச் சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. துணி அலசுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்தவளின் கண் வீங்கியிருந்தது. "என்ன பாப்பா?" என்றேன். இருபத்துமூன்று வயதாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான்.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா தொட்டித் தண்ணியைக் காலி பண்ணே?"

லேசாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு. அதோடு அழுகையும் வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் பத்துப் பதினைந்து தாள்களைப் பரப்பி வைத்திருந்தாள். தாள் முழுக்க எண்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று பேனாவால் வட்டம் போட்டு, கோடு இழுத்து, அடித்து, மறுபடி இழுத்து, ஒரே கிறுக்கல். "ரெண்டு லிஸ்ட்டுப்பா. இது கேள்வி, இது பதில். எதுக்கு எது ஜோடின்னு கண்டுபிடிக்கணும். நேரத்தை வச்சுப் பார்த்தேன், முன்னாடி இருக்கற நம்பரை வச்சுப் பார்த்தேன், எல்லாம் பார்த்துட்டேன். மூணு வாரமா ஒரு மண்ணும் பிடிபடல. வெள்ளிக்கிழமை ரிவ்யூ. என்கூடச் சேர்ந்ததுல ரெண்டு பேரைப் போன வாரம்தான் அனுப்பினாங்க" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். தாளை என் பக்கம் தள்ளினாள்.

மாட்டிக்கொண்ட ஒன்றை யாராவது என் முன்னால் வைத்தால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. பதினாறு வருடப் பழக்கம். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்றெல்லாம் பார்ப்பதற்கு முன்பே கண் வேலையை ஆரம்பித்துவிடும். 418207 என்று ஒரு எண்ணின் வால் கண்ணில் பட்டது. எந்த யோசனையும் இல்லாமல், "கடைசி ஆறைத் திருப்பிப் போட்டுப் பாரு" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தத் தாளில் இருப்பது என்ன என்று எனக்கு உறைத்தது. எங்கள் எண்கள். அந்த நீளத்தில், அந்த வரிசையில், எங்கள் கூடத்தைத் தவிர வேறு எங்கும் செய்திக்கு எண் போடுவதில்லை. இவ்வளவு செய்தியோடு எங்களிடம் மிச்சம் இருப்பது ஆஸ்பத்திரி ஒன்றுதான். மேடம் எனக்குத் தெரியாமல் சோதித்துப் பார்க்கப் பெரிய கம்பெனிக்குக் கோப்பைக் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் பெயரையும் கம்பெனி பெயரையும் எடுத்துவிட்டு வெறும் எண்ணாக அது என் மகள் கைக்கு வந்திருக்கிறது. தாளின் தலைப்பில் சோர்ஸ் சி என்று மட்டும் இருந்தது. அவளுக்கு எதுவும் தெரியாது.

அவள் 702814 என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு தாள்களைப் புரட்டினாள். எனக்கு ஒரு பத்து விநாடி இருந்தது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் பாப்பா என்று சொல்லியிருக்கலாம். கிடைத்தாலும் அது தற்செயல் என்று குழப்பியிருக்கலாம். குழப்புவதில் எனக்கு ஒன்பது வருட அனுபவம் இருந்தது. மூன்றாவது தாளில் அவள் விரல் நின்றது. இன்னொன்றைத் திருப்பினாள். அதுவும் இருந்தது. இன்னொன்று. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். "அப்பா! அப்பா! எப்படிப்பா?" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என் மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வெளிச்சத்தின் விலை வரவேற்பு மேஜைப் பெண்ணின் பிரசவ விடுப்பு என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆபீஸுக்குப் போகும்போது முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். எண் போடும் முறையை ஒரே வாரத்தில் மாற்றியிருக்கலாம். பழைய செய்திகளுக்கும் சேர்த்து மாற்றியிருக்கலாம். ஆனால் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பாரே. முதலாளி தேநீரோடு என் மேஜைக்கு வந்து, "டாக்டர், மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். "முட்டிவலி சார்" என்றேன். செவ்வாயும் முட்டிவலி. புதனும் முட்டிவலி. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பாப்பா இனிப்போடு வந்தாள். நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். இதற்கு மேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அன்று நினைத்தேன். கோழைக்கு எந்த நாளிலும் ஒரு காரணம் கிடைக்கும்.

அடுத்த மாத முதல் திங்கட்கிழமை பத்து மணிக்கு போன் வரவில்லை. பத்தேகாலுக்கு நானே கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பதினொன்றே முக்காலுக்குக் கடிதம் வந்தது. முதலாளி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுப் படித்தார். முப்பது நாள் அவகாசம், இத்தனை வருட சேவைக்கு நன்றி, பதில்கள் அனைத்தும் உரிய கேள்விகளோடு இடம்பெயர்வதைச் சோதித்து உறுதி செய்துகொண்டோம். அந்த வரியை இரண்டு முறை படித்தார். வரவேற்பு மேஜைப் பெண் உட்கார நாற்காலி தேடினாள்.

"அந்த ஆறு நம்பர் உலகத்துல மூணு பேருக்குத்தான் தெரியும்" என்றார் முதலாளி. "எனக்கு, டாக்டருக்கு, தாடிக்கு." என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. என்னைத் தாண்டி போனிடம் போய்விட்டது. சந்தேகப்பட்டிருந்தால் ஒருவேளை நான் உடைந்து சொல்லியிருப்பேன். எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு தாடியைக் கூப்பிட்டார்.

"சார்! எப்படி இருக்கீங்க சார்?" தாடியின் குரல் உண்மையான சந்தோஷத்தில் வந்தது. நான்கு வருடத்தில் முதலாளி அவனைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"எத்தனை பேர் வயித்துல அடிச்சிருக்கேன்னு தெரியுமாடா உனக்கு?" என்று ஆரம்பித்தார் முதலாளி. நிறுத்தவில்லை. கல்யாணத்துக்கு லீவு கொடுத்தது, குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தது, பெயர் தெரியாதவனை ஆளாக்கியது என்று எல்லாம் வந்தது.

"நான் சொல்லல சார்."

"பின்ன யாருடா, டாக்டரா சொன்னாரு?"

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அழுகைக்கு நடுவே வருகிற சிரிப்பு.

"டாக்டர் பக்கத்துல இருக்காரா சார்?"

"இருக்காரு. கேட்டுட்டுத்தான் இருக்காரு."

"டாக்டர், நீங்களாவது சொல்லுங்க டாக்டர். நான் அப்படிச் செய்யறவனா?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். மேஜையில் யாருடையதோ ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. எடுத்துக் குடித்தேன். குடித்து முடித்து மூடியைத் திருகி வைத்தபோது முதலாளி இணைப்பைத் துண்டித்திருந்தார். "டாக்டருக்கே பேச்சு வரல பாருங்க" என்றார் மற்றவர்களிடம். என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த நாளே வக்கீலைப் பார்த்துப் பெரிய கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். பழைய ஆபீஸின் ரகசியத்தைக் கொண்டுவந்தவன் என்று தாடியின் பெயர் அதில் இருந்தது. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியின் செய்திகள் இடம்பெயர்ந்தன. உதவிக்கு நான்தான் போனில் இருந்தேன், அது என் வேலை. மத்தியானம் மேடம் அவர்களுடைய புதிய திரையைப் படம் எடுத்து அனுப்பினார். ஒன்பது வருடக் கேள்விகளும் பதில்களும் அதில் இருந்தன. இரண்டாம் மாடி நர்ஸின் கேள்விக்குக் கீழே டாக்டரின் பதில், அதற்குக் கீழே நன்றி என்று ஒரு வார்த்தை. ஒன்றுகூட இடம் மாறவில்லை. என் மகளின் வேலை. எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறாள் என்று ஒரு நிமிடம் என்னை மறந்து பார்த்தேன். பிறகு மேடம் போன் செய்தார். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

"ஒண்ணு கேக்கலாமா டாக்டர்? இது முடியும்னா, ஒன்பது வருஷமா முடியாதுன்னு ஏன் சொன்னீங்க?"

"தெரியாது மேடம்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "சரி, உடம்பைப் பார்த்துக்கங்க" என்று வைத்துவிட்டார். டாக்டர் என்று சொல்லவில்லை.

அன்று சாயந்திரம் பாப்பா வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள். என் மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. "எங்க மாடியில ஒருத்தரை விசாரணை முடியற வரைக்கும் வரவேண்டாம்னு அனுப்பிட்டாங்கப்பா" என்றாள். "தாடி அங்கிள்." சின்ன வயதில் அவளுக்கு அவனைத் தெரியும். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவான். "என்னையும் கூப்பிட்டாங்க. அவர் உனக்குச் சொன்னாரான்னு கேட்டாங்க. இல்ல, நானேதான் கண்டுபிடிச்சேன்னு சொன்னேன். பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்ததே தப்பு, உங்ககிட்ட காட்டினேன்னு சொன்னா என்னையும் அனுப்பிடுவாங்க. நம்பின மாதிரி தெரியல. அப்பத்தான் சோர்ஸ் சி எதுன்னு சொன்னாங்க."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்பா சொன்னீங்க?"

"நீ அழுதியேம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் ஆபீஸில் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒன்பது என்றேன். அவர்களுக்கு இனிமேல் என்ன என்று கேட்டாள். இந்த மாதக் கடைசியோடு மூடுகிறோம் என்றேன். குனிந்து செருப்பைக் கழற்றினாள். பிறகு, "நான் போய் உண்மையைச் சொல்லிடட்டுமாப்பா? தாடி அங்கிளுக்கு ரெண்டு குழந்தைங்கப்பா" என்றாள். அவள் சொல்லியிருப்பாள். நான் தலையசைத்திருந்தால் போதும், மறுநாள் காலையில் போய்ச் சொல்லியிருப்பாள்.

"வேண்டாம்" என்றேன். "நான் அவனோட பேசிக்கிறேன்."

நான் பேசவில்லை. ஒன்பது நாள். தினமும் போனை எடுத்து அவன் பெயர் வரை போவேன். அவனிடம் சொன்னால் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை வெளியே சொல்லியாக வேண்டும். வெளியே வந்தால் பாப்பாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் வேலை போகும். பெற்ற பிள்ளையா, கூட இருந்தவனா என்று தராசில் வைத்துப் பார்க்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றுகூடக் கேட்டுக்கொண்டேன். பாப்பா காலையில் போனாள், சாயந்திரம் வந்தாள். பேசிட்டீங்களா என்று முதல் இரண்டு நாள் கண்ணால் கேட்டாள். அதன் பிறகு அவள் என்னைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். என் மனைவிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் இப்போது எந்தப் பேச்சும் இல்லை.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். வரவேற்பு மேஜைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஒருத்தரோட வேலை செஞ்சதே போதும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாற்காலிகளை வாங்கியவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள். சரியாக ஐந்து மணிக்குக் கூடத்தை நிரந்தரமாக அணைக்க வேண்டும். "நீங்களே அணைச்சிடுங்க டாக்டர். என் கையால முடியாது" என்றார் முதலாளி.

திரையில் எங்கள் ஆபீஸின் பொது அறை திறந்திருந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை முதலாளி நீக்கவிட்டதே இல்லை. நம்ம ஆளுங்கதானே, எப்ப வேணா வரட்டும் என்பார். பக்கவாட்டில் அறுபது சொச்சம் பெயர்கள். அன்று காலையிலிருந்து பழைய ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, போய் வருகிறோம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். வரும்போது பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், போனதும் அணையும். தாடியின் பெயர் நான்கு வருடமாகச் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

நாலு நாற்பத்தெட்டுக்கு அந்தப் பெயரைத் தொட்டேன். அவனும் நானும் மட்டும் எழுதிக்கொள்ளும் அறை திறந்தது. 'நான்தான் சொன்னேன். என் மகளிடம். நீ கேட்டபோது தண்ணீர் குடித்தேன்' என்று எழுதி அனுப்பினேன். அவன் வராத வீட்டில், இடிக்கப்போகிற வீட்டில், ஒரு கடிதத்தை வைத்துவிட்டு வருகிற காரியம் அது. எனக்குத் தெரியும். அவன் படிக்க மாட்டான் என்பதால்தான் அங்கே எழுதினேன். பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் அழிந்துவிடும், நானும் சொல்லிவிட்டவன் ஆகிவிடுவேன்.

நாலு ஐம்பத்தாறுக்கு அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

அவனும் விடைபெறத்தான் வந்திருக்கிறான். அத்தனை பேச்சும் கேட்ட பிறகும் வந்திருக்கிறான். நான் எழுதியதன் கீழே, படித்தாகிவிட்டது என்ற குறி விழுந்தது. பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. வெளியே முதலாளி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, "டாக்டர், அஞ்சாச்சு" என்றார். கையில் சாவிக்கொத்து இருந்தது.

"இதோ சார்" என்றேன்.

அணைக்கும் கட்டத்தின் மேல் என் விரல் இருந்தது. திரையின் அடியில், தாடி எழுதுகிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்று சின்னப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தன.